கேட்டுவிடுகிற தையல்கார அக்கா

எங்கள் தாமான் குடியிருப்புக்கு வரும் மலாய்க்காரத் தபால்காரர் எல்லா வீட்டு வாசலிலும் நின்று ஹார்ன் அடிப்பார், ஆள் வரும்வரை காத்திருப்பார். ஒரே ஒரு வீட்டில் மட்டும் கடிதத்தைப் பெட்டிக்குள் திணித்த வேகத்தில் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு பறந்துவிடுவார். அது தையல்கார அக்கா வீடு. ஒருமுறை கையெழுத்து வாங்க வேண்டிய பார்சலோடு வந்து மாட்டிக்கொண்டார், பாவம். அக்கா அவருடைய பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, எத்தனை பிள்ளைகள், மூத்தது என்ன படிக்கிறது, மாமியார் கூட இருக்கிறாரா, கால் ஏன் வீங்கியிருக்கிறது, சர்க்கரை பார்த்தாயிற்றா என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அக்காவின் மலாய் அரைகுறை. கேள்விக்கு அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை.

இப்போது அக்கா ஜொகூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். அந்தப் பக்கத்துத் தபால்காரரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

டுரியான் துங்காலில் எங்கள் வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ரப்பர் தோட்டத்து லய வீடுகளிலிருந்து வந்தவர்கள். எனக்குப் பத்து பெரண்டாம் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. என் வீட்டுக்காரர் பினாங்குக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஒரே மகள். பக்கத்து வரிசையில் கடைசி வீடு அக்காவுடையது. முன் ஹாலில் இரண்டு தையல் மெஷின், ஒரு நிலைக்கண்ணாடி, மூலையில் டிவி, டிவிக்கு எதிரே அக்காவின் வீட்டுக்காரர். அந்த மனிதர் பேசி நான் பார்த்ததில்லை. கல்யாணமான முதல் பத்து வருஷத்திலேயே பதில் சொல்லிச் சொல்லித் தீர்ந்துபோயிருப்பார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

அக்காவிடம் தப்பிக்க முடியாததற்குக் காரணம் அவருடைய தொழில். சாதாரண ஆள் கேள்வி கேட்டால், அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று நழுவிவிடலாம். அக்கா அளவெடுக்கும்போது கேட்பார். இடுப்பைச் சுற்றி டேப் இருக்கிறது, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம், எங்கே ஓடுவது? "வீட்டுக்காரரோட சண்டையா? ஏன் மூஞ்சி தொங்குது?" என்பார். வாயில் குண்டூசி இருந்தாலும் கேள்வி நிற்காது. போதாக்குறைக்கு எடுத்த அளவை ஹால் முழுக்கக் கேட்கும்படி கூவுவார். "இடுப்பு நாப்பது! போன வருஷம் முப்பத்தெட்டு! என்னா புள்ள, நல்லாதான் பசியாறுற போல!" வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லாரும் குனிந்து தங்கள் தங்கள் இடுப்பைப் பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் எல்லாரும் அவரிடம்தான் போனோம். ஜாக்கெட் அப்படி உட்காரும்.

ஒரு நிச்சயதார்த்தத்தில், தட்டு மாற்றப் போகிற நேரத்தில், மாப்பிள்ளையைப் பார்த்து, "தம்பி, கொறட்டை விடுவீங்களா?" என்று கேட்டுவிட்டார். மாப்பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டே, "விடுவேன் ஆன்ட்டி," என்றார். பெண் குபீரென்று சிரித்துவிட்டாள். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த பெண். இன்றைக்கும் அந்தத் தம்பதி நன்றாகத்தான் இருக்கிறார்கள், குறட்டையோடு.

இதையெல்லாம் சொல்லி அவரைக் கோயிலில் வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. பிள்ளையில்லாத ஒருத்தியிடம் வளைகாப்பு வீட்டில் வைத்து, "டாக்டர்கிட்ட போனியா, கோளாறு யாருக்கு?" என்று கேட்டு, அவள் சாப்பிடாமல் எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அக்கா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அக்கா மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டார். கேட்ட கையோடு அங்கேயும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வந்தார் என்று கேள்விப்பட்டேன். திருந்தாத ஜென்மம்.

அவரைக் கண்டால் துணிக்கொடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவர்களில் நானும் ஒருத்தி. அந்த வருஷம் ரொம்பவே ஒளிந்தேன். ஏனென்றால் அந்த வருஷம் என்னிடம் சொல்ல நல்ல பதில்கள் இல்லை.

மகளுக்கு அப்போது பதினேழு. பள்ளி இறுதிப் பரீட்சை, எஸ்.பி.எம். எழுத வேண்டிய வருஷம். நெட்பால் டீமில் இருந்தவள் திடீரென்று நெட்பாலுக்குப் போவதில்லை என்றாள். நல்லதாகப் போயிற்று, படிக்க நேரம் கிடைக்கும் என்று நான் சந்தோஷப்பட்டேன். சோற்றைக் கிளறிவிட்டு எழுந்து போனாள். டயட் என்று நினைத்தேன். விடிய விடிய விழித்திருந்துவிட்டுப் பகலில் சுருண்டு படுத்தாள். கைப்பேசிதான் காரணம் என்று அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்தேன். யாரோடும் பேசாமல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். கண் பட்டிருக்கிறது என்று கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினேன், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன். மார்க் குறைந்தது. கூட இரண்டு டியூஷன் போட்டேன். இதற்கு நடுவில் நானும் அவள் அப்பாவும் அவர் வீட்டுக்கு வரும் இரண்டு நாளும் தவறாமல் சண்டை போட்டோம். "உன் வயசுல நான் காலையில நிரைக்குப் பால் வெட்டப் போய்ட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவேன்," என்று அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கண்ணெதிரே எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். அவளிடம் மட்டும் கேட்கவில்லை.

தீபாவளிக்குத் துணி தைக்கக் கொடுப்பதானால் ஆகஸ்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். செப்டம்பர் பிறந்தால் அக்கா துணியைத் தொடமாட்டார், சொந்தத் தங்கச்சியாக இருந்தாலும். அதனால் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், ஊதா நிறப் பஞ்சாபி சூட் துணியோடு மகளை இழுத்துக்கொண்டு போனேன். ஹாலில் வேறு ஆள் இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் டிவி பார்த்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

மகள் கண்ணாடி முன்னால் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். அக்கா அளவெடுத்தார். வழக்கம்போல் கூவுவார் என்று நான் காத்திருந்தேன். கூவவில்லை. அளவு நோட்டைப் புரட்டி, சித்திரையில் அவள் மாமா மகள் கல்யாணத்துக்கு எடுத்த அளவைப் பார்த்தார். மறுபடியும் டேப்பைச் சுற்றிப் பார்த்தார். குறைந்திருந்த அதே அளவுதான் மறுபடியும் வந்திருக்கும். மெல்ல எழுதிக்கொண்டார். பிறகு தொடங்கினார்.

"பசியாறுனியா பாப்பா?"

"ம்."

"என்னா சாப்ட்ட?"

அவள் தோளில் கிடந்த டேப்பின் நுனியைத் திருகினாள்.

"தூங்குறியா?"

"இல்ல ஆன்ட்டி."

"நெட்பாலு?"

"விட்டுட்டேன்."

"எஸ்.பி.எம். வருஷம் லா அக்கா, டென்ஷன்," என்று நான் குறுக்கே விழுந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "கை நீட்டமா வைக்கவா, முக்காலா வைக்கவா?" என்று அவளிடமே கேட்டார்.

"தைக்க வேணாம் ஆன்ட்டி," என்றாள் என் மகள். "வீணாப் போயிடும்."

நான் சிரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்தேன். "பாருங்கக்கா, கலர் புடிக்கலயாம். இதுக்குத்தான் மூணு கடை ஏறி எறங்குனேன்," என்றேன். அக்கா சிரிக்கவில்லை. டேப் இன்னும் அவள் தோளில் கிடந்தது. மீன்காரரிடம் இன்றைக்குக் கெம்போங் மீன் இருக்கிறதா என்று கேட்கிற அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல் அக்கா கேட்டார்:

"ஏன் கண்ணு வீணாப் போவும்? செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

என் மகள், "ஆமா," என்றாள்.

எனக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை, கோபம். அதுவும் அக்கா மேல். "சின்னப் புள்ளகிட்ட என்னா கேள்விக்கா கேக்குறீங்க? நல்ல நாளுக்குத் துணி தைக்க வந்த எடத்துல! இல்லாததெல்லாம் நீங்களே அவ மண்டையில ஏத்தாதீங்க!" என்று கத்தினேன். டிவி முன்னால் இருந்தவர்கூட விழித்துக்கொண்டார்.

"நான் ஏத்தல புள்ள," என்றார் அக்கா. "அது உள்ளதான் இருந்திருக்கு. இப்பத்தான் வெளிய வருது. நீ கத்துனா திரும்ப உள்ள போயிடும். கொஞ்சம் சும்மா உக்காரு."

உட்கார்ந்தேன். அக்கா தையல் ஸ்டூலை இழுத்து அவளை உட்காரவைத்து, எதிரே தரையில் தானும் உட்கார்ந்துகொண்டார். எப்போதிலிருந்து, என்ன ஆயிற்று, யாரிடமாவது சொன்னாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்தார். அக்காவுக்குக் காத்திருக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நெட்பால் விளையாட்டில் அவள் விழுந்தபோது எடுத்த ஒரு படத்தை வைத்து வகுப்பு வாட்சப் குரூப்பில் மாதக்கணக்காகக் கேலி செய்திருக்கிறார்கள். படுத்தால் அதுவே ஓடுகிறது, தூக்கம் வருவதில்லை. நானும் அவள் அப்பாவும் சண்டை போடுவது தன்னால்தான் என்று நினைத்திருக்கிறாள். தான் இல்லாவிட்டால் வீடு நிம்மதியாகிவிடும் என்று நினைத்திருக்கிறாள். இவ்வளவும் எனக்கு ஆறடி தூரத்தில் வைத்து, என்னைப் பார்க்காமல், தையல்கார அக்காவிடம் சொன்னாள். நான் ஊதாத் துணியை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தேன்.

அக்கா எழுந்து அயன்பாக்ஸை அணைத்தார். "வாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்," என்றார்.

"இன்னைக்கேவாக்கா? திங்கக்கெழம கிளினிக்குல..."

"காய்ச்சல் நூத்திநாலு அடிச்சா திங்கக்கெழம வரைக்கும் வெச்சிருப்பியா?"

மழையில் அவருடைய பழைய கஞ்சில் காரில் மூன்று பேரும் போனோம். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் மலாய்க்காரச் சின்னப் பெண். என் மகளை உள்ளே உட்காரவைத்து அவர் கேட்ட முதல் நாலைந்து கேள்விக்குள்ளேயே அக்கா கேட்ட அதே கேள்வி வந்தது. அதே மாதிரி, நேராக. நான் தயங்கித் தயங்கி, இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடாதா என்றேன். அப்படி வராது என்றார் அவர். கேட்டதனால் யாருக்கும் அந்த நினைப்பு புதிதாக வருவதில்லை, கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் பாரம்தான் குறையும் என்றார். அவளைத் தனியாக விட வேண்டாம் என்றும், வீட்டில் எதையெல்லாம் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்றும் பொறுமையாகச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே அழுதேன். அக்கா டாக்டரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் அரைகுறை மலாயில், கல்யாணம் ஆகிவிட்டதா, கடைசியாக எப்போது தூங்கினாய் என்று விசாரிக்க ஆரம்பித்தார். நேற்றுக் காலையில் வேலைக்கு வந்தவள், இன்னும் வீட்டுக்குப் போகவில்லை என்றார் டாக்டர். "சாப்பாடு?" என்றார் அக்கா. அந்தப் பெண்ணும் பாவம், பிஸ்கட் தின்றதாக ஒப்புக்கொண்டாள். என் மகள் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஆன்ட்டி, போதும் ஆன்ட்டி," என்றாள். வெட்கப்பட்டாள். அவள் எதற்காகவாவது வெட்கப்பட்டே பல மாதம் ஆகியிருந்தது.

அடுத்த இரண்டு வாரம் எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. தாமானில் அக்காவுக்கு இன்னொரு பெயர் உண்டு, ரேடியோ. யார் மகன் புதுக் கார் எடுத்தான், யார் வீட்டு மாமரத்தில் யார் கல்லெறிந்தார்கள் என்பதெல்லாம் அக்கா வாய்வழியாகத்தான் ஊருக்குத் தெரியும். மளிகைக் கடைக்குப் போனால் யாராவது என் முகத்தை உற்றுப் பார்க்கிறார்களா என்று பார்ப்பேன். கோயிலில் இரண்டு பேர் குனிந்து பேசினால் தூணுக்குப் பின்னால் நின்று காது கொடுப்பேன். ஒன்றும் வரவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் வரச் சொன்ன ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மூன்று பேரும் கஞ்சிலில் எங்கே போகிறோம் என்று எதிர்வீட்டுப் பெண் அக்காவிடம் கேட்டதற்கு, டவுனில் லைனிங் துணி மலிவாகக் கிடைக்கிறது, பாப்பாவுக்குத்தான் கலர் பார்க்கத் தெரியும் என்று கூசாமல் புளுகியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை யார் லைனிங் துணி வாங்குவார்கள்?

நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "யாருகிட்டயும் சொல்லலயாக்கா?"

"எதை?" என்றார் அக்கா, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். "நூறு பேரு நூறு சொல்றாங்க. பெரண்டு படுத்தா எனக்கு மறந்துடும் லா."

பத்து வருஷத்துக்கு முந்தைய என் கை அளவை நோட்டைப் பார்க்காமல் சொல்லக்கூடியவர் சொல்கிற பேச்சு இது. அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டேன். "என்னா புள்ள, ஊசி இருக்கு, குத்தப்போவுது," என்று தள்ளிவிட்டார்.

அக்காவின் வாழ்க்கையில் இது மாதிரி ஏதோ நடந்திருக்கும், தம்பியோ தங்கச்சியோ யாரையாவது இழந்திருப்பார், அதனால்தான் இப்படிக் கேட்கிறார் என்று நான் மனசுக்குள் ஒரு கதையே கட்டி வைத்திருந்தேன். அதையும் ஒருநாள் கேட்டேன். அக்கா ஊசியில் நூலைக் கோத்தார். "ஒண்ணும் இல்லியே," என்றார். "தெரிஞ்சிக்கணும் போல இருக்கும், கேட்டுடுவேன். அன்னைக்கு, தீபாவளித் துணியப் போயி எந்தப் புள்ளயாச்சும் வீணும்பாளா? என்னாதான் நெனைக்கிறான்னு கேட்டேன். அவ்ளோதான்." எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறவியிலேயே வாய் சும்மா இருக்காத ஒரு பெண்பிள்ளை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. என் மகள் பிழைத்தது அதனால்.

உடனே சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். மருந்து கொடுத்தார்கள், வாராவாரம் கவுன்சிலரிடம் பேசினாள். ஆசிரியை ஒருவர் அந்த வாட்சப் குரூப் விஷயத்தைக் கையிலெடுத்தார். அவள் அப்பா விஷயத்தைக் கேட்டதும் லோரியிலிருந்து இறங்காமல் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். பிறகு முதலாளியிடம் பேசி, பினாங்கு ரூட்டை விட்டுவிட்டு, சிரம்பான் ரூட்டுக்கு மாறிக்கொண்டார். தினமும் வீட்டுச் சோறு. சண்டை போட்டால் பின்கட்டுக்குப் போய்க் குசுகுசுவென்று போட்டோம், அது பாதியில் சிரிப்பாகிவிடும். நடுவில் மோசமான நாட்களும் வந்தன. அந்த நாட்களில் அவளிடம் நானே நேராகக் கேட்கப் பழகினேன். முதல் தடவை கேட்டபோது கட்டில் ஓரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னாள். இப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது, சிரம்பானில் வேலை. ஆனால் எனக்கு எந்த நாளில் மூச்சுத் திரும்ப வந்தது என்று கேட்டால் நான் ஒரு செவ்வாய்க்கிழமையைத்தான் சொல்வேன்.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். பத்து பெரண்டாம் சிக்னலில் வழக்கமான ஜேம். ஒன்பதரைக்கு அப்பாயிண்ட்மெண்ட், மணி ஒன்பது பத்து. நான் முன்சீட்டில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் செத்துக்கொண்டிருந்தேன். மகள் பின்சீட்டில் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தாள். போன தடவைகளில் எல்லாம் அப்படியே சாய்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு வந்தவள். திடீரென்று கேட்டாள்:

"ஆன்ட்டி, அங்கிளுக்கு முன்னாடி நீங்க யாரையாச்சும் லவ் பண்ணியிருக்கீங்களா?"

கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. முன்னால் இருந்த லோரிக்கும் எங்களுக்கும் ஒரு முழம்தான் மிச்சம்.

"என்னா கேள்வி இது, பெரியவங்ககிட்ட!" என்றேன் நான்.

"நீ சும்மா இரு," என்றார் அக்கா. அவர் காது வரைக்கும் சிவந்திருந்தது. ஊரையே கேள்வி கேட்ட மனுஷி. திரும்ப அவரை யாரும் ஒன்றும் கேட்டதில்லை போல. கியரைப் போட்டுக் காரை நகர்த்தினார். கொஞ்ச தூரம் போனதும், "மீன்காரன் ஒருத்தன் இருந்தான்," என்றார்.

"மீன்காரரா?"

"கோலா சுங்கை பாருலேருந்து மோட்டர்சைக்கிள்ல மீன் ஏத்திக்கிட்டு எங்க தோட்டத்துக்கு வருவான். எனக்குப் பத்தொம்பது. எங்கம்மா வாங்குனா கிலோவுக்கு கிலோ. நான் போனா எடைக்கு மேல ரெண்டு மீனு கூட விழும்." சொல்லிக்கொண்டே அக்கா காரை ஓட்டினார். அவன் சட்டை, அவன் சிரிப்பு, ஹார்ன் சத்தத்தை வைத்தே அவனா வேறு ஆளா என்று கண்டுபிடிப்பது, மீன் பிடிக்காத தான் ஒரு வருஷம் முழுக்கத் தினமும் மீன் தின்றது, எல்லாம் வந்தது. "ஒருநாளு, மத்தியானம் மூணு மணி இருக்கும். மீன் கொண்டார நேரமே இல்ல. தலைய வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, மீன் பெட்டி இல்லாம வந்து எங்க லயத்துக்கு முன்னுக்கு நிக்கிறான்."

அப்போதுதான் நான் வெளியே பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டிய முனை எப்போதோ பின்னால் போயிருந்தது. டவுனுக்குள் வந்துவிட்டிருந்தோம்.

"அக்கா, தாண்டிட்டோம்!"

"ஐயையோ, ஆமா லா!" அக்கா இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். திரும்புவதற்கு எங்கே இடம் என்று தெரியாமல் இரண்டு பேரும் பதறிக்கொண்டிருக்கும்போது, பின்சீட்டிலிருந்து என் மகள் இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டினாள். அவள் முகம் என் தோளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"அது கெடக்கட்டும் ஆன்ட்டி," என்றாள். "அப்புறம் என்னா ஆச்சு?"

தீபாவளித் துணி வீணாகிவிடும் என்று சொன்ன பிள்ளை. அடுத்து என்ன நடந்தது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது.

"எங்க புள்ள திரும்புறது?" என்றார் அக்கா.

"திரும்ப வேணாம், நேரா ஓட்டுங்க," என்றேன். "மொதல்ல அந்த மீன்காரன் கதைய முடிங்க."